துண்டு போட்ட இடம்

ஆனி பிறந்தால் பணகுடிக்குக்
கணவாய் வழியே காற்று வரும்.
பின்னாலேயே என் கடைக்கு மூக்குகள் வரும்:
சிவந்தவை, ஒழுகுபவை,
முந்தானையில் பாதி மறைந்தவை.
"ரெண்டு அவில் குடு தாயி."
பதினோரு வருஷமாக இதே கேள்வி.
எந்த அட்டையை எடுத்து நீட்டினாலும்
அவர்களுக்கு அதன் பெயர் அவில்தான்.

காற்றில் அப்படி என்ன இருக்கிறது?
சீமைக்கருவேலம் உதிர்த்த மஞ்சள் பொடி,
செங்கல் சூளைச் சாம்பல்,
நாலுவழிச் சாலைப் புழுதி.
மூக்குக்குள் நுழைந்த மகரந்தத்தை
உடம்பு திருடன் என்று நினைத்துவிடுகிறது.
நடுச்சாமத்தில் கூவி
ஊரையே எழுப்பிவிடுகிற ஆளுக்கு
ஹிஸ்டமின் என்று பெயர்.
வெளியாள் இல்லை,
நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவன்.

"அப்ப இந்த மாத்திரை
அவனை அடிச்சுப் போடுமாக்கா?"
கேட்டவன் உச்சிமாகாளி.
தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து
காற்றாலை இறக்கை ஏற்றிவருகிற டிரைவர்.
ஒற்றை இறக்கைக்கு ஒரு முழு லாரி;
தலை முக்கு திரும்பிய பிறகும்
வால் முந்தின தெருவில் நிற்கும்.
ராத்திரிதான் ஓட்டம்.

அடிக்காது என்றேன்.
வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில்
ஜன்னல் வழியே துண்டு போட்டு
இடம் பிடிப்பார்களே, அந்த வேலைதான் இது.
ஹிஸ்டமின் படியேறி வரும்போது
சீட்டில் துண்டு கிடக்கும்.
முறைத்துக்கொண்டு நின்றபடியே போவான்.
உட்கார்ந்துவிட்டவனைக் கிளப்புவது பெரும்பாடு.
அதனால் காற்று தொடங்கும் முன்பே
துண்டைப் போட்டுவிடணும்.

சிரிக்கப் போனவன் தும்மினான். நாலு தடவை.
"அப்ப அவிலே குடுங்க. பழகினதுல்லா."

பழகினதில்தான் வம்பு.
பழைய மாத்திரைக்கு எல்லை தெரியாது.
மூக்குக்கு அனுப்பினால்
மூளைக்கும் போய் ஒரு துண்டு போடும்,
விழிப்பு உட்காருகிற சீட்டில்.
வீட்டில் படுத்துக் கிடப்பவனுக்குச் சரி.
உனக்குப் பின்னால்
ஒரு தெரு நீளத்துக்கு இறக்கை வருதே ஐயா.

புதியதில் ஒன்றைக் கொடுத்தேன்.
இதுவும் சிலபேரைச் சொக்க வைக்கும்,
முதல் மாத்திரையை ஓட்டமில்லாத நாளில் போட்டுப் பார்,
சரக்கோடு சேர்க்காதே.
விலையைக் கேட்டு மூஞ்சியைச் சுளித்தான்.
வாங்கிக்கொண்டான்.
(எனக்கும் உண்டு இந்தத் தும்மல்.
கடை சாத்தியதும் ஒன்று போடுவேன்.
மருந்து விற்கிறவளுக்கே அலர்ஜியா என்று
சிரிக்காத ஆளில்லை.)

ஆடி முதல் வாரம்,
வாசலைக்கூட இன்னும் பெருக்கவில்லை,
தட்டுத்தடுமாறி வந்தான்.
இறக்கையின் பொந்தில்
கதண்டு கூடு கட்டியிருந்ததாம்.
கழுத்தெல்லாம் தடிப்பு.
உதடு வேறு யாருடையதோ.
தோள்துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டு
நூலிழைக் குரலில் கேட்டான்: "அவில்..."

இல்லை.
மேசையைச் சுற்றி ஓடிவந்தேன்.
இன்றைக்கு ஏறுகிறது தேர்க்கூட்டம்,
துண்டு எந்த மூலைக்கு?
பாதி ஷட்டரோடு கடையை விட்டுவிட்டு
செல்வின் ஆட்டோவில் அவனைத் திணித்தேன்.
"ஹாரனை எடுக்காதே" என்றேன்.
வழியெல்லாம்
அவன் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன்.
சத்தம் விசிலாகி,
பிறகு விசிலும் மெலிந்து.

அரசு ஆஸ்பத்திரியில் தொடையில் குத்தினார்கள்.
அந்த ஊசி வேறு ரகம்.
இடம் பிடிக்கிற வேலையெல்லாம் அதற்கில்லை,
சரிகிற ரத்த ஓட்டத்தை
நேராகத் தூக்கி நிறுத்தும்,
அடைத்த மூச்சுக்கு வழி திறக்கும்.
கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து
"லாரி நடுரோட்டுல நிக்கிக்கா" என்றான்.
நர்ஸம்மா திட்டினார்:
இன்னும் சில மணி நேரம் இங்கேயே கிட,
அடங்கினது திரும்பியும் வரும்.

நான் கடைக்கு வந்துவிட்டேன்.
ஆட்டோக் காசை அவன் கணக்கில் எழுதினேன்,
பிறகு அடித்தேன்.
காற்று நிற்கவில்லை.
வரிசையில் ஏழெட்டு மூக்குகள்.
ஒரு கர்ப்பிணி,
கால் வலிக்குது என்று சொல்லிக்கொண்டே
நின்றுகொண்டிருக்கிறாள்.

நாற்காலியில்
அவன் துண்டு கிடக்கிறது.