முகவரி கேட்கும் படிவம்

வெள்ளவத்தை வீட்டை விற்ற காசில்
இருபத்தெட்டு அடி.
அதில் ஆறு எஞ்சினுக்கு.
மிச்சத்தில் நானும் தியோகுவும்.

புத்தளத்திலிருந்து ஒன்பது நாள்
ஒல்லாந்தர் கால்வாய் வழியே.
பாலம் வரும்போதெல்லாம் கூரைக்கம்பியை மடக்கி,
யாரையோ கும்பிடுவதுபோல் குனிந்து வந்தோம்.

நீர்கொழும்பு தாண்டியபின் அவர் பேசவில்லை.
உப்பு டப்பா தண்ணீரில் விழுந்ததற்கு
நான் சொன்ன ஒரு சொல்.
படகில் கோபித்துக்கொண்டு போக இடமேது?
அவர் அணியத்தில், நான் கடையாலில்,
நடுவில் சோறு வெந்தது.

ஹெந்தளையில்
ஆகாயத்தாமரை விசிறியைச் சுற்றிக்கொண்டது.
கத்தியோடு அவர் இறங்க
இடுப்புக் கயிறு என் கையில்.
ஒருதரம் இழுத்தால் ஏற்று,
இருதரம் இழுத்தால் இளக்கு.
ஒரு மணிநேரம் அப்படித்தான் பேசினோம்.

மட்டக்குளியில் கட்டினோம்.
களனி பழுப்பாக, பாதிக் கடலாக.
தூரத்தில் தாமரைக் கோபுரம்
ஊதா, பச்சை, மறுபடி ஊதா.

காலையில் கண்ணாஸ்பத்திரி.
வாங்கு அசையாமல் இருக்கிறது;
எனக்குத் தலை சுற்றுகிறது.
சொட்டுமருந்து விட்ட தாதி
படிவத்தை எடுக்கிறாள்.
"விலாசம்?"
"இன்றைக்கு மட்டக்குளி."
"நிரந்தரமாக?"

தியோகு என் பக்கம் திரும்புகிறார்,
இரண்டு நாளில் முதல்தடவை,
கருமணி முழுக்க விரிந்து
என்னைத் தெரியாமலே.
"இவளைக் கேளுங்கள் மிஸ்,
சுக்கான் இனி இவளிடம்."

பேனா காத்திருக்கிறது.
நாலு பத்துக்கு வற்றுநீர் என்பது மட்டும்தான்
எனக்கு நிச்சயமாய்த் தெரியும்.
அதைச் சொன்னேன்.