இருப்புப் பலகை

கல்லணை திறந்து ஒன்றரை மாதம்.
வெண்ணாறு சொன்ன தேதிக்கு வந்துவிட்டது.
கப்பல்தான் வரவில்லை.

பலகையில் எழுதுகிறேன்:
யூரியா இல்லை.
டி.ஏ.பி. இல்லை.
பொட்டாஷ் பதினோரு மூட்டை.
சாக்பீஸ் உடைய எழுதிய இந்த மூன்று வரிக்கு
சங்கத்து வாசலில் அறுபத்திரண்டு பேர்.

உத்திராபதி கேட்டார்:
"யாருக்கும் யாருக்கும் சண்டையாம்?"
சொன்னேன்.
"எதுக்காம்?"
தெரிந்த மட்டும் சொன்னேன்.
துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டார்.
"நட்டு இருவது நாளு. பயிரு மஞ்சளிச்சு நிக்குது.
அதுங்கிட்ட யாரு போயி சொல்றது?"

கருங்கடல் எந்தப் பக்கம் என்று
எனக்கு மட்டும் தெரியுமா?
போன மாதம்தான்
மகளின் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்.
ஒரு நகத்தளவு நீலம்.
எங்கள் குறுவை அதற்குள் மாட்டிக் கிடந்தது.

மதியம் கூட்டம் கலைந்தபின்
தணிக்கைக்காகப் பழைய பேரேடுகளை இறக்கினேன்.
செல் தின்றது போக மிச்சம்.
போருக்கென்று அதில் ஒரு பத்தி கிடையாது.
விலைப் பத்தியில் வந்து
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

சங்கம் அரிசிக் கடையும் வைத்திருந்த காலம்.
நாற்பத்திரண்டு, பங்குனி.
ரங்கூன் அரிசி என்ற வரிக்கு நேரே ஒரு கோடு.
வேறொன்றும் இல்லை.
எழுதியவர் பேனாவை அழுத்திய இடத்தில்
தாள் கிழிந்திருக்கிறது.

எழுபத்து நாலில்
விலையின்மேல் ஒரு விலையை ஒட்டி
அதன்மேல் இன்னொன்று.
தடவிப் பார்த்தால் தழும்புபோல் தடிப்பு.
எங்கோ பாலைவனத்தில்
எண்ணெய்க் குழாயை யாரோ திருகியிருக்கிறார்கள்,
இங்கே எழுத்தருக்குப் பசை தீர்ந்திருக்கிறது.

பிறகு கூத்தாநல்லூர் குத்தூஸ் ராவுத்தரின் நகைக்கடன்.
தொண்ணூறு ஆடி வரை
மாதம் பிசகாமல் குவைத் பணம்.
ஆவணியில் இல்லை. புரட்டாசியில் இல்லை.
தை பிறந்தது; ஏலம்.
இரண்டு வருஷம் கழித்து
டி.ஏ.பி. விலை எகிறிய பக்கத்தில்
எந்தப் பீரங்கியும் இல்லை.
டெல்லியில் ஒரு தாள் மட்டும் திரும்பியிருக்கிறது.
மானியம் என்ற சொல்லைச் சுற்றி
யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டு
மேலே எழுதத் தோன்றாமல் விட்டிருக்கிறார்கள்.

இத்தனையையும் நான்
அடி வாங்கியவர் கணக்காகவே படித்தேன்,
சாயங்காலம் ராவுத்தரின் பேரன் வரும்வரை.

இலியாஸ் அரவை மில் வைத்திருக்கிறான்.
ஏற்றுமதிக்குத் தடை போட்ட வருஷம்
தூத்துக்குடியில் அவன் பதினாலு கண்டெய்னர் நின்றது.
நஷ்டக் கதையை நடுவில் நிறுத்திவிட்டு
அப்போது வந்த படம் ஒன்றைச் செல்போனில் காட்டினான்.
"கொட்டோனு. ஆப்பிரிக்கா. நம்ம அரிசி போற ஊருக்கா."

அலுமினிய அன்னக்கூடையோடு வரிசையில் பெண்கள்.
முன்னால் நிற்பவள்
படம் எடுத்தவனைப் பார்க்கவில்லை,
நேரே என்னைப் பார்க்கிறாள்.
அவள் பாஷை எனக்குத் தெரியாது.
ஆனால் கேள்வி தெரியும்.
காலையில்தான் கேட்டேன்.

சண்டை ஒன்றும் இல்லையம்மா.
இங்கே விலை ஏறிவிடுமோ என்று ஒரு பயம்.
அதற்காகக் கதவைச் சாத்தினோம்.
உன் அடுப்பு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்ததை
எங்கள் பேரேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஒன்பதாம் நாள் காரைக்காலிலிருந்து லாரி வந்தது.
இருநூறு மூட்டை. ஆளுக்கு ஒன்று.
உத்திராபதியின் கட்டைவிரலை
மிஷின் ஏற்கவில்லை.
ரேகை தெளிவாக இல்லை, மீண்டும் வைக்கவும்.
மீண்டும் வைத்தார். மீண்டும் சிவப்பு.
"நாப்பது வருஷம் நாத்துப் பறிச்ச கையி,
எங்கேருந்து இருக்கும் ரேகை?"
மூட்டையிலேயே விரலை அழுத்தித் துடைத்தார்.
மூன்றாம் முறை பச்சை.

அவர் தூக்கிப்போகும்போது பார்த்தேன்.
எந்த நாட்டுச் சரக்கென்று
பொடி எழுத்தில் அச்சடித்திருந்த இடத்தில்
ஈரம் காயாத சேறு.