திருகாணி மிச்சம்

நாற்பது லிஃப்ட்டுகளுக்கு நான் பொறுப்பு.
ஒலோமௌட்ஸ் நகரின் வடக்குக் குடியிருப்புகளில்
நடுவழியில் நின்று போனவற்றை
இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கிளப்பி விட்டிருக்கிறேன்,
உள்ளே அகப்பட்ட பியானோ வாத்தியாரோடு
கதவுக்கு இப்பாலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே.

இதுவோ
இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி.
ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்.
ஞாயிற்றுச் சந்தையில் இருநூற்று நாற்பது கொருனா.
ஷட்டர் மந்தம், வேறு நோயில்லை.
ஒரு நொடி திற என்றால்
நாலு நொடி திறந்து கிடந்து
கொட்டாவி விட்டு மூடும்.

"மெதுவாக நடக்கிறவர்களாகப் பார்த்துப் படம் எடேன்"
என்றாள் க்வேத்தா, உருளைக்கிழங்கு உரித்தபடி.
நல்ல யோசனை.
முட்டை அட்டையை எடுத்து வந்து
குழிகளுக்கு எண் போட்டேன்.
ஒன்றில் முகப்பு வளையம்,
இரண்டில் அதன் திருகாணிகள்,
மூன்றில்...
ஆறாம் குழி வரை ஒழுங்கு இருந்தது.
அதற்குப் பின் ரேடியோவில் ஐஸ் ஹாக்கி.

லைட்டர் பெட்ரோலில் தோய்த்த பஞ்சால்
இதழ்களைத் தொட்டேன்.
ஐந்து இதழ், வெங்காயத் தோல் கனம்.
டக்.
ஒரு நொடி, சுத்தமாக ஒரே நொடி!
அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். டக்.
மூன்றாம் முறை
மயிரிழை ஸ்பிரிங் ஒன்று
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது.
ஃபிரிட்ஜுக்கு அடியில் என்று நினைக்கிறேன்.
காதை ஒட்டிப் போன சத்தம் மட்டும் நிச்சயம்.

டார்ச்சோடு தரையில் கிடந்தோம் இருவரும்.
கிடைத்தவை: காய்ந்த பட்டாணி,
இரண்டு வருஷமாகக் காணாத அவள் தோடு.
அன்றைய ரிப்பேரில்
அவளுக்குப் பரம திருப்தி.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
உள்ளே சாய்வாக இருந்த கண்ணாடி
மங்கலாய்த் தெரிந்தது.
பிளம் சாராயம் நனைத்த துணியால்
ஒரே ஒரு துடைப்பு.
அழுக்கு போகவில்லை, கண்ணாடி போய்விட்டது.
வெள்ளி மொத்தமும் துணியில்,
மீன் செதில் மாதிரி.
சட்டத்தில் வெறும் சில்லு நின்றது.
பூச்சு முன்பக்கம் இருக்குமென்று யார் கண்டார்?
முகம் பார்க்கும் கண்ணாடிக்கு
அது முதுகில்தானே.

லிஃப்ட்டில் தப்புச் செய்தால் மணி அடிக்கும்,
சிவப்பு விளக்கு எரியும்,
தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து
கையெழுத்து வாங்கிப் போவார்.
இங்கே
துணி பளபளத்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன்.
பூட்டிய பிறகும் ஒரு திருகாணி மிச்சம்.
எள்ளிலும் சிறியது.
எந்தத் துளைக்கும் சொந்தம் கொண்டாடவில்லை.

அடுத்த ஞாயிறு, அதே சந்தை.
எண்பது கொருனா.
அட்டையில் 'பழுது' என்று எழுதினேன்.
யாரால் என்று எழுதவில்லை.

மத்தியானம் தபால்காரச் சீருடையில் ஒருவர்
பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து
"சின்ன வேலைதான்" என்றார்.
ஆமாம் என்று தலையாட்டினேன்.
சட்டைப்பைக்குள் விரல் விட்டு
அந்தத் திருகாணியைத் தேடி எடுப்பதற்குள்
டிராம் ஏறிவிட்டார்.