பதினொரு நிமிடம்

க்ரூயெட்ஸ் பக்கம் ஆப்பிள் தரம்பிரிக்கும் கொட்டகையில்
இரவு ஷிஃப்டுக்கு நான் பொறுப்பு.
மூன்று பெல்ட், நாற்பத்தியொரு ஆட்கள்,
உயரத்தில் ஒரு கண்ணாடி அறை,
அதில் ஒரு ஹீட்டர்.
ஹீட்டர் எனக்கு மட்டும்.

போன நவம்பரில்
ஸெனோன் ட்ராபிக் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.
இரண்டாம் பெல்ட் பதினொரு நிமிடம் நின்றது.
அது எத்தனை டன் நட்டம் என்று
வார்சாவிலிருந்து ஒருவர் போனில் சொன்னார்.
கணக்கில் புலி.
ஓடும் பெல்ட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

தண்டிக்கும் முன் ஆளைக் கேட்க வேண்டும்,
இந்த நாட்டுச் சட்டம் அப்படி.
கேட்டேன்.
தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சொன்னான்:
"சத்தம் மாறுச்சு மேடம்.
போஷேனாவுக்கு விரல் போச்சே,
அதுக்கு முந்தின ராத்திரி கேட்ட அதே சத்தம்."

மெக்கானிக் பார்த்தார். பழுதில்லை என்று எழுதினார்.
நானும் எழுதினேன்: பணியாளர் தரப்பு கேட்கப்பட்டது.
கேட்டதற்கும்
காதில் போட்டுக்கொண்டதற்கும் தனித்தனிக் கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.

ஆட்சேபிக்க அவனுக்கு ஏழு நாள்.
ஏழு நாளும்
அவன் ஆட்சேபிக்க மாட்டானா என்று
நான்தான் காத்திருந்தேன்.

எட்டாம் நாள் அந்தத் தாளுக்கு இரண்டு துளை போட்டு
அவன் கோப்பில் நான்காம் பகுதியில் கோத்தேன்.

பிப்ரவரி.
கழுத்துத்துணி கூடாது என்று சுவரில் பலகை இருக்கிறது.
குளிருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது.
ஹால்ஷ்காவின் பச்சைத் துணியின் நுனி
உருளைக்குள் போனதை
மேலிருந்து பார்த்தேன்.
பொத்தானுக்கு எட்டும் தூரத்தில் நான்கு பேர்.
நான்கு கைகள் பாதி எழுந்தன.
எழுந்து
நின்றன.
நான்கு முகங்கள் திரும்பின,
பொத்தானைப் பார்க்க அல்ல,
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்க்க.

தலையசைக்க எவ்வளவு நேரம் ஆகும் ஒருவருக்கு?
அதற்குள் அவளே முடிச்சைப் பிய்த்தெறிந்துவிட்டாள்.
கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு,
மூன்றாம் தர ஆப்பிள்களோடு கொஞ்சம் பச்சை நூல்,
வேறொன்றுமில்லை.
பெல்ட் ஓடியபடியே இருந்தது.

அந்த மாதம் ஒரு நிமிடம்கூட நிற்காத ஷிஃப்ட் எங்களுடையது.
பாராட்டுத் தாளும் கேக்கும் வந்தன.
கேக்கை நான் வெட்டினேன்.
ஹால்ஷ்கா சின்னத் துண்டாகக் கேட்டாள்.

நேற்றோடு ஒரு வருடம்.
குற்றமில்லாமல் ஒரு வருடம் உழைத்தவனுக்கு
அந்தத் தண்டனை நடக்கவே இல்லை என்று கொள்ள வேண்டும்,
தாளைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.
இதுவும் சட்டம்தான், கருணையான பக்கம்.
எடுத்தேன்.
அடியில் இருந்த தாளில் கிளிப்பின் துருத்தடம்.
அதை எடுக்கச் சொல்லும் பிரிவு எதுவும் எனக்குத் தெரியாது.

சேமியாவாகக் கிழிந்து விழுந்தது.

படியிறங்கிப் போய்ச் சொன்னேன்:
"ஸெனோன், அந்தத் தாள் இனி இல்லை."
"எந்தத் தாள் மேடம்?" என்றான்,
ஆப்பிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.
சட்டத்தை என்னைவிடச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறான்.
அல்லது அப்படிச் சொல்லி என்னை நிற்க வைக்கிறான்.

சிவப்புப் பொத்தான்மேல் தூசி படிந்திருந்தது.
ஒரு வருடத் தூசி.
சட்டைக் கையால் துடைத்தேன்.
நாற்பத்தியொரு பேரும் பார்த்தார்கள்,
யாரும் பார்க்காதது போல.

"இப்ப சத்தம் எப்படி இருக்கு?" என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு தொப்பியைக் கழற்றினான்,
உருளைப் பக்கம் காதைச் சாய்த்தான்.
அவன் பக்கத்தில் நானும் சாய்ந்தேன்.
எனக்கு
ஆப்பிள்கள் உருளுவது மட்டும்தான் கேட்டது.