இணைப்பு: ஒன்று

நாற்பத்தாறாம் கம்பத்துக்கு நாடா வெட்டியபோது
குளிரில் கையுறையோடு தட்டினோம்,
சத்தமே வரவில்லை.
உலான்பாத்தர் மேட்டுக் குடியிருப்பின் முதல் தெருவிளக்கு.
பதினோரு மணிக்கு அணைந்துவிடும்.
சிக்கனமாம்.

ரொட்டி ஆலையில் நரங்கெரெலுக்கு
வேலை முடிவதே பதினொன்றரைக்கு.
பனியில் நடக்கும் பூட்ஸ் ஒரு ஜோடியா, இரண்டா
என்று எண்ணிக்கொண்டே ஏறுவாள்.
கோட்டுப் பையில் ஒரு கல்.
நாய்க்கு என்பாள், கேட்டால்.

குறைகேட்பு நாளில்
மனுவோடு அந்தக் கல்லையும் மேசைமேல் வைத்தாள்.
எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"இது இணைப்பா?"
"ஆமாம்."

முத்திரை குத்த இடம் தேடி
கடைசியில் கல்லிலேயே குத்தினார்.
வரவு எண் 2107. பதிலுக்கு முப்பது நாள்.

கல்லைத் திருப்பிக் கேட்டாள்.
கோப்பில் சேர்ந்துவிட்டதாம்.

வாசலில் வேறொன்று கிடந்தது.
மண் உறைந்திருந்ததால்
குதிகாலால் நாலு முறை உதைத்துத்தான்
பெயர்க்க முடிந்தது.