ஐ.சி.

பாடாங் செராய் ஒட்டுக்கடைக்கு எதிரே
விடியுமுன் நிற்கும் ஃபேக்டரி பஸ்ஸில்
ஐ.சி. என்றால் லைன் இன்சார்ஜ்.
"இன்னைக்கு ஐ.சி. யாரு?"
குணவதி என்றால் முனகுவோம்.
ஹஸ்லிண்டா என்றால் தூங்குவோம்
கூலிம் வரும்வரை.

உள்ளே போய் முகமூடி மாட்டிவிட்டால்
ஐ.சி. ஒரு கறுப்புப் பூச்சி,
சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது,
பதினாறு கால்.
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒவ்வொன்றாய் வரும்.
ஒரு கால் வளைந்தாலும் சிவப்புத் தட்டு.
எல்லாம் நேரென்றால் நீலத் தட்டு.
ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம், ஓ.டி. செய்தால் ஆறு.

எந்த நாட்டுச் சில்லோ, பெட்டியில் வந்திறங்கியது.
பதினோரு நாள் இங்கே இருக்கிறது.
பன்னிரண்டாம் நாள்
லேசர் அதன் முதுகில் மலேசியா என்று எழுதுகிறது.
எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும்
என் வேலைதான்.

ஆஸ்பத்திரி முகப்பில்
"ஐ.சி.?" என்று கை நீட்டினாள் ஒரு சின்னப்பெண்.
பச்சையைக் கொடுத்தேன்.
திருப்பிப் பார்த்தாள், எழுந்து போய்
வேறொரு கட்டணப் பட்டியலை எடுத்து வந்தாள்.
எனக்குக் காய்ச்சல்தான். அதற்குள்
கொஞ்சம் குறைந்தும் விட்டது.

பதிவிலாகாவில் என் ஃபைலுக்குப் பதினேழு வயது.
மூன்றாவது டிவிஷனில் பிறந்ததைச் சொன்னேன்.
என்னை எழுதிக்கொண்ட கிராணி செத்துப்போனதை,
தோட்டத்தை விற்றுத் தாமான் கட்டியதை,
அவருடைய புத்தகத்தை மட்டும்
யாரும் விலைக்குக் கேட்காததை.
அதிகாரி பேனா மூடியைக் கடித்தபடி
"ஐ சீ" என்றார்.
கொஞ்சம் கழித்து மறுபடியும், "ஐ சீ."
வெளியே வந்து தே ஓ ஐஸ் உறிஞ்சும்போதுதான்
அவர் பேசியது இங்கிலீஷ் என்று உறைத்தது.
அந்த இரண்டு எழுத்தை
என் காது வேறெப்படிக் கேட்கும்?

கிஷேந்திரனுக்குப் பன்னிரண்டு முடிந்தது.
அப்பா வழியில் அவனுக்குத் தகராறு ஒன்றுமில்லை.
வெள்ளிக்கிழமை போய் வாங்கி வந்தார்கள்.
நீலம்.
சோற்றுத்தட்டு ஓரமாய் வைத்தான்,
படத்தில் முழி பிதுங்கியிருந்தது.
"ம்மா, இதென்ன, தங்கம் மாதிரி?"
"அதுதான்டா ஐ.சி."
"இதுதானே ஐ.சி.?" கார்டையே தூக்கி ஆட்டினான்.
"ரெண்டும்தான்" என்றேன். "சாப்பிடு."

எல்லோரும் படுத்தபின்
கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். பழக்க தோஷம்.
கீறல் இல்லை. விளிம்பு நேர்.
தங்கத்தில் எட்டுக் கட்டம்,
எண்ணினேன், நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
என் பச்சையில் இப்படி ஒன்று கிடையாது.
காகிதம், மேலே பிளாஸ்டிக்,
ஐந்து வருடம்.

ஃபேக்டரியில் மணிக்கட்டு வளையம் மாட்டாமல்
ஒன்றையும் தொடக்கூடாது.
வளையத்திலிருந்து சுருள் கம்பி மேசைக்கு,
மேசையிலிருந்து தரைக்கு.
எர்த் என்பார்கள்.
என் உடம்பு மின்சாரம் பட்டு
அது செத்துவிடக்கூடாதாம்.
அதற்காக எட்டு மணி நேரம்
என்னை மண்ணோடு கட்டி வைக்கிறார்கள்.

வீட்டில் வளையம் ஏது?
நாற்காலியில் மடக்கியிருந்த காலை இறக்கி
வெறும் சிமெண்டில் ஊன்றிக்கொண்டேன்.
பிறகு தொட்டேன்.