வெளிச்சத்துக்கு ஐந்து

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்கு
நான் சொன்னது இவ்வளவுதான்:
மூன்று நிமிடம். வீட்டிலிருக்கும் போன் போதும்.
ஒரு கதை, உங்கள் குரலில்.
பின்னணியில் பாட்டு வேண்டாம்,
பறக்கும் எழுத்து வேண்டாம்.

பறக்கும் எழுத்தோடுதான் வந்தார்கள்.
முத்துமீனாவின் 'எங்கள் புதுவயல்'
பனிமலையில் தொடங்கியது.
எங்கேடி இருக்கு இந்த மலை என்றேன்.
"வயல்னு தேடினேன் டீச்சர், இதுதான் வந்துச்சு."
தொலைந்துபோன ஆட்டைப் பற்றி
ரியாஸ் அழுதுகொண்டே சொன்னான்.
அந்த ஆடு கதை முழுக்க
அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
எதையோ மென்றுகொண்டிருந்தது.
சிரித்து முடிக்கவே ஒரு பீரியட் போனது.

புரொஜக்டர் தலைமையாசிரியர் பீரோவில்,
சாவி அவர் சட்டைப்பையில்.
திரைக்கு ஆண்டுவிழா மேடைத்துணி.
நடுவில் அது ஒட்டுப்போட்டது,
ஆகவே எல்லார் முகத்திலும்
நெற்றியிலிருந்து மோவாய்வரை
ஒரு தையல் ஓடியது.

வியாழக்கிழமை சேவுகன் முறை.
திரை கறுப்பு.
வயர் கழன்றிருக்கும் என்று
அசைத்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன்.
அப்புறம்தான் குரல் வந்தது, போர்வைக்குள்ளிருந்து:

"எங்கப்பா பேரு அடைக்கலம்.
ரைஸ் மில்லுல மூட்டை ஏத்துறாரு.
போனு அவருது.
காலையில நாலு மணிக்கு அவரோட போயிரும்,
ராத்திரி பத்துக்குத்தான் வரும்.
அதனால இந்தக் கதை ராத்திரியில நடக்குது."

கறுப்புக்குள் ஒரு குறட்டை.
மேட்டில் ஏறும் லாரிபோல இழுத்து,
உச்சியில் திணறி,
மறுபக்கம் சரசரவென்று இறங்கியது.
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"இதுதான் அவரு பேசுறது.
முழிச்சிருக்கறப்ப இவ்வளவு பேசமாட்டாரு."

சிரிப்பு நின்றது.

"கதை என்னன்னா, ஒரு நாள் எங்கப்பா"

அறுந்தது.
மறுபடி தொடங்கியபோது குரலில் மூச்சிரைப்பு:
"மில்லுலேர்ந்து போன் வந்துருச்சு.
தஞ்சாவூர் வண்டி முன்னாடியே வந்துருச்சாம்.
அவரு சட்டை மாட்டுறதுக்குள்ள
மீதியைச் சொல்லிடுறேன்."

பாய் சுருளும் சத்தம்.
சொம்பு தரையில் வைக்கப்படும் சத்தம்.
சட்டையை யாரோ இரண்டு முறை உதறுகிறார்கள்,
உமி தரையில் கொட்டுகிறது.
உமிக்குச் சத்தம் உண்டா என்று
யாராவது முந்தாநாள் கேட்டிருந்தால்
இல்லை என்றிருப்பேன்.

"கதை என்னன்னா, ஒரு நாள்"

'எங்கடா என் போனு?'
மிக அருகில், தூக்கம் கலையாத ஆண்குரல்.

அவ்வளவுதான்.
ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு வினாடி.
துணியில் தையல் மட்டும் மிச்சம்.
மின்விசிறி சுற்றியது.
ஜன்னலில் நெல் அவியும் வாசனை,
எப்போதும் வருவதுதான்.

முத்துமீனாதான் முதலில் திரும்பினாள்:
"ஒரு நாள் உங்கப்பா? அப்புறம்?"
"அவரு ராத்திரி வரணும்ல,"
என்றான் சேவுகன்,
பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டே.

பயிற்சியில் கொடுத்த மதிப்பெண் தாளில்
நான்கு கட்டங்கள்.
ஒலிக்கு ஐந்துக்கு ஐந்து.
கதை முழுமைக்கு என்ன போடுவது என்று
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன்.
வெளிச்சம் என்ற கட்டத்தில்
மூன்று போடலாமா என்று கை தயங்கியபோது
மேசைக்கு எதிரே நின்று
தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:
"சைபர் போடுங்க டீச்சர்.
நெசமாவே இருட்டாத்தான் இருந்துச்சு."

போட்டேன்.

மாலை காரைக்குடி பேருந்தில்
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
ரயில்வே கேட்டில் எங்களுக்கு இணையாக
ஒரு நெல் லாரி வந்து நின்றது.
மூட்டைகளின் மேல் ஒருவர்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
யாராகவும் இருக்கலாம்.
பேருந்து இன்ஜின் போட்ட சத்தத்தில்
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு
கேட் திறக்கும்வரை
காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.